பாக்கெட் துப்பாக்கிக்குக் குறி நிற்குமா? ருகர் எல்சிபி மேக்ஸைச் சுட்டு அளந்து பார்த்தது

சின்னத் துப்பாக்கிக்குக் குறி நிற்காது, ஏழு கஜம் தாண்டினால் அதைத் தூக்கி எறிவதே மேல் என்று ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் கூடத்தில், பெரிய துப்பாக்கிக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பார்க்கத்தான் இந்த ருகர் எல்சிபி மேக்ஸை வாங்கியதிலிருந்து காகிதத்தில் ஓட்டை போட்டு ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு எதற்கு இது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில், சான் அன்டோனியோவுக்கு வெளியே, கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த சின்னக் கடை நடத்துகிறேன். ராத்திரி கல்லாவை எண்ணி முடித்து, பணப்பையோடு வங்கியின் நைட் டெபாசிட் பெட்டிக்குப் போக வேண்டும். பகல் முழுக்க ஐஸ் மூட்டை தூக்குவது, காபி மெஷின் கழுவுவது, கீழ்த்தட்டில் சரக்கு அடுக்குவது என்று குனிந்து நிமிர்கிற வேலை. க்ளாக் 19 ஒன்று இருக்கிறது. அருமையான துப்பாக்கி. ஆனால் இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தால் விலாவில் குத்தும், சட்டை விலகினால் எதிரில் பால் வாங்க வந்த பாட்டிக்கு முகம் மாறும். கடைசியில் அது வீட்டு லாக்கரிலேயே தங்கிவிட்டது. பேண்ட் பாக்கெட்டில் போட்டால் போட்ட நினைவே வரக்கூடாது, அந்த அளவில் ஒன்று வேண்டியிருந்தது.

ஊரில் எங்கள் தாத்தாவிடம் லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. சத்தியமங்கலம் பக்கம் காட்டுப்பன்றி விரட்ட. தேர்தல் வந்தால் அதைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்தபின் போய் வாங்கி வருவார். அந்த வழக்கத்தில் வளர்ந்தவனுக்கு இங்கே கடையில் வாங்குகிற வேகம் இன்னும் பழகவில்லை. 4473 என்கிற படிவத்தை நிரப்ப வேண்டும், கடைக்காரர் என்ஐசிஎஸ் என்கிற மத்திய அரசுச் சரிபார்ப்பு முறை வழியாகப் பின்னணி பார்ப்பார், சரி என்று வந்தால் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடலாம். ஹெச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க: அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி பொதுவாகத் தடை. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். நான் கிரீன் கார்டு கைக்கு வந்தபிறகுதான் கடைக்குள் காலையே வைத்தேன்.

சரி, பொருளுக்கு வருவோம். எல்சிபி என்கிற வரிசை 2008-இல் வந்தது. முதல் எல்சிபியில் மேகசினுக்கு, அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டுக்கு, ஆறு தோட்டா. மேலே கண் வைத்துக் குறி பார்க்க என்று இருந்தது ஒரு சின்னப் புடைப்பும் பள்ளமும்தான். 2016-இல் எல்சிபி 2 வந்தபோது ட்ரிக்கர் நன்றாகத் திருந்தியது. 2021-இல் வந்த மேக்ஸில் மேகசினுக்குப் பத்துத் தோட்டா, உண்மையான குறிகள். முன் குறியில் இருட்டில் ஒளிரும் டிரிடியம் போட்டு வெள்ளை வளையம் சுற்றியிருக்கிறார்கள், பின் குறியைப் பக்கவாட்டில் தட்டி நகர்த்தலாம். குழல் 2.8 அங்குலம், எடை 10.6 அவுன்ஸ், அதாவது சுமார் 300 கிராம். சுடுவது .380 ஏசிபி தோட்டா. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1908-இல் கோல்ட் கம்பெனியின் பாக்கெட் துப்பாக்கியோடு சந்தைக்கு வந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாக இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நான்கு நூறு டாலருக்குக் கொஞ்சம் கீழே எனக்குக் கிடைத்தது.

துப்பாக்கியின் குறியையும் சுடுகிறவரின் குறியையும் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது. அதனால் முதலில் மேசையில் மணல்பை வைத்து, மணிக்கட்டை அதன்மேல் பதித்து, அவசரமே இல்லாமல் சுட்டேன். ஐந்து குண்டு ஒரு கொத்து. கொத்தில் ஒன்றுக்கொன்று மிக விலகிய இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளப்பது வழக்கம்.

ஏழு கஜத்தில் கொத்து ஒன்றரை அங்குலம். பதினைந்து கஜத்தில் மூன்றேகால். இருபத்தைந்து கஜத்தில், பக்கத்து லேன்காரர் சிரித்துக்கொண்டே பார்க்க, ஐந்தரை அங்குலம். சிரிப்பு நின்றது. இந்த மூன்று அளவையும் தூரத்தால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே விகிதம் வருகிறது. தூரம் கூடக் கூட கொத்து திடீரென்று சிதறவில்லை, சீராக விரிகிறது. 2.8 அங்குலக் குழல் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு இது போதும். குறி நிற்காது என்ற பேச்சில் பொய்யான பாதி இதுதான்.

உண்மையான பாதி, மணல்பையை எடுத்தவுடன் வந்தது.

நின்றபடி, இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாக ஏழு கஜத்தில் சுட்டால் கொத்து மூன்றரை அங்குலம். விநாடிக்கு ஒன்று என்ற வேகத்தில் சுட்டால் ஆறு அங்குலத்தைத் தொடுகிறது. அதுவும் நடுவில் இல்லை, கீழே இடப்பக்கம் இறங்கி விழுகிறது. அதே நாள், அதே தூரம், அதே வேகத்தில் க்ளாக் 19 மூன்று அங்குலத்துக்குள் நின்றது. துப்பாக்கி இரண்டும் நல்ல துப்பாக்கி, கை ஒரே கை. பின்னே ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே உள்ள தூரம். எல்சிபி மேக்ஸின் மொத்த நீளமே ஐந்து அங்குலத்தைச் சற்றே தாண்டும். குறிகளுக்கு நடுவே நான்கு அங்குலம், சுமார் 100 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். குறி பார்க்கும்போது முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால், ஏழு கஜத்தில், அதாவது 6.4 மீட்டரில், குண்டு 64 மில்லிமீட்டர் விலகும். இரண்டரை அங்குலம். க்ளாக் 19-இல் அந்த இடைவெளி ஆறு அங்குலம். அதே ஒரு மில்லிமீட்டர் தப்புக்கு அங்கே 42 மில்லிமீட்டர்தான் அபராதம். சின்னத் துப்பாக்கி உங்கள் தப்பை மன்னிக்காது, ஒன்றரை மடங்கு வட்டி போட்டு வசூலிக்கும்.

இரண்டாவது காரணத்தை நான் வீட்டில்தான் கண்டுபிடித்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்போமே, கொக்கி மாட்டிய தராசு, அதை எடுத்தேன். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று மேகசினைக் கழற்றி, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைத் திறந்து, விரல் விட்டும் பார்த்து உறுதி செய்துகொண்டு, போலித் தோட்டா ஒன்றைப் போட்டு, ட்ரிக்கரில் கொக்கியை மாட்டி மெதுவாக இழுத்தேன். 2.7 கிலோவில் விடுபட்டது. மறுபடியும் இழுத்தேன், அதே இடம்தான். அப்புறம் சமையலறைத் தராசில் துப்பாக்கியை வைத்தால் 300 கிராம் சொச்சம். தோட்டா நிரப்பினாலும் 400 கிராம் வரும். அதாவது தன் எடையைப் போல ஏழு மடங்கு விசையில் விரல் இழுக்கிறது. அந்த இழுப்பில் துப்பாக்கி நகராமல் இருக்க வேண்டும். நிரப்பிய க்ளாக்கில் இந்தக் கணக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. ட்ரிக்கர் மோசமில்லை. கொஞ்ச தூரம் தளர்வாக வந்து, ஒரு இடத்தில் தெளிவாக நின்று, அப்புறம் விடுபடுகிறது; இந்த அளவில் இதைவிடக் கெட்ட ட்ரிக்கர்கள் நிறைய உண்டு. ஆனால் பிடித்து நிறுத்த எடை இல்லை.

கீழே இடப்பக்கம் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. இதைப் பார்த்தவுடன் பின் குறியை வலப்பக்கம் தட்டிச் சரிசெய்யச் சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள். தட்டாதீர்கள். மணல்பையில் சுட்டபோது கொத்து நடுவிலேயே இருந்தது, எனவே குறி சரியாக இருக்கிறது. வலக்கைக்காரர் ட்ரிக்கரை அவசரமாக இழுத்தால் குண்டு கீழே இடப்பக்கம்தான் போகும். என் மனைவியை மேகசின் நிரப்பச் சொன்னேன். நடுவில் எங்கேயோ ஒரு போலித் தோட்டாவைக் கலந்துவிட்டாள், எத்தனாவது என்று சொல்லவில்லை. ஃபோனில் ஸ்லோ மோஷன் வைத்துப் படமும் எடுத்தாள். உண்மைத் தோட்டா சுடும்போது உதைப்பில் எதுவும் தெரியாது. போலி வந்த இடத்தில் டிக் என்ற சத்தத்தோடு குழல் முனை அரை அங்குலம் குனிந்து கும்பிடு போட்டது. உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே கீழே தள்ளுகிறது. இடக்கைப் பிடியை நன்றாக இறுக்கி, வலக்கையைக் கொஞ்சம் தளர்த்தி, வீட்டில் போலித் தோட்டா போட்டு ட்ரிக்கர் பழகியதில் அந்தக் கும்பிடு குறைந்தது. வேகமாகச் சுடும் கொத்தும் நாலரை அங்குலத்துக்கு வந்தது.

உதைப்பு பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிரம்படி விழுவது மாதிரி சுரீர் என்று இருக்கும். ஒரு பெட்டி, ஐம்பது தோட்டா, அதற்குமேல் ஒரே மூச்சில் சுட்டால் பயிற்சி இல்லை, தண்டனை. மேகசினுக்கு அடியில் மாட்ட விரல் தாங்கும் நீட்டல் ஒன்று பெட்டியோடு வந்தது. அதை மாட்டினால் சுண்டு விரலுக்கு ஒரு பிடி கிடைக்கிறது, ஆனால் பாக்கெட்டில் துருத்துகிறது. ரேஞ்சுக்கு நீட்டல், பாக்கெட்டுக்குத் தட்டை அடி என்று மாற்றிப் பழகுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எதோடு நடமாடுகிறேனோ அதோடுதான் பழக வேண்டும். அதனால் தட்டையானதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மனைவிக்குச் சின்னக் கை. இந்தப் பிடி அவளுக்கு அளவெடுத்ததுபோல் அமைந்தது, நிதானமாகச் சுட்டதில் அவள் கொத்து என்னுடையதைவிட இறுக்கம். ஸ்லைடை இழுப்பதும் சிரமப்படவில்லை. பழைய பாக்கெட் துப்பாக்கிகளில், உதாரணத்துக்கு .380 வால்தர் பிபிகேயில், குழல் அசையாது. ஸ்ப்ரிங்கும் ஸ்லைடின் எடையும் மட்டுமே உதையைத் தாங்க வேண்டும் என்பதால் ஸ்ப்ரிங் கெட்டியாக இருக்கும். எல்சிபியில் குழல் ஸ்லைடோடு பூட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் வந்து சாய்ந்து விடுபடும். ஸ்ப்ரிங் இளகியதாக இருந்தாலே போதும். அத்தனையும் சரி, ஆனால் இரண்டு மேகசின் முடிந்ததும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டாள். "பெரியதைச் சுடுறது சுகமா இருக்குங்க, இது கையை அடிக்குது" என்று க்ளாக்கை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற சோதனை. ஒரு மணி நேரம் சுட்டுக் கை சூடேறியபின் வருகிற கொத்தை வைத்துத் துப்பாக்கியைப் புகழ்வதில் அர்த்தமில்லை. வங்கி வாசலில் யாரும் நமக்கு இருபது குண்டு பழகிக்கொள்ள நேரம் தரப்போவதில்லை. அதனால் ரேஞ்சுக்குப் போனவுடன், வேறு எதையும் தொடாமல், ஏழு கஜத்தில் ஒரே ஒரு குண்டு. துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து நின்று, சட்டென்று உயர்த்தி, ஒன்றரை விநாடிக்குள் சுடுவது. சுட்டதும் அந்தக் காகிதத்தைக் கழற்றிச் சுருட்டிக் காரில் வைத்துவிடுவேன்; அடுத்த முறை வரும்போது அதே காகிதத்தில் அடுத்த ஓட்டை. பாக்கெட்டிலிருந்து உருவிச் சுடுவதை உள்ளரங்க ரேஞ்சுகள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. அந்தப் பகுதியை வீட்டில் தோட்டா இல்லாத துப்பாக்கியோடுதான் பழக முடியும்.

அந்தக் காகிதம் இப்போது மேசைமேல் விரித்திருக்கிறது. ஓட்டைகள் ஏழு அங்குல அகலத்தில் பரவியிருக்கின்றன. மணல்பைக் கொத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஆரம்பத்தில் விழுந்தவை கீழே இடப்பக்கம், பின்னால் விழுந்தவை நடுவை நோக்கி ஏறி வருகின்றன. முன் குறியின் வெள்ளை வளையம் இங்கேதான் காசுக்கு வேலை செய்தது. உயர்த்தும்போதே கண் அதைப் பிடித்துவிடுகிறது. பழைய எல்சிபியின் புடைப்பைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்த ஒன்றரை விநாடி போயிருக்கும். இந்தத் துப்பாக்கியின் துல்லியம் என்னவென்று யாராவது கேட்டால், ஒன்றரை அங்குலம் என்று சொல்லமாட்டேன். ஏழு அங்குலம் என்பேன்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். ஆனாலும் லைசென்ஸ் முறை இன்னும் இருக்கிறது, நான் எடுத்தேன். அதற்கான சுடும் தேர்வில் ஐம்பது குண்டு: மூன்று கஜத்தில் 20, ஏழு கஜத்தில் 20, பதினைந்து கஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண், 175 எடுத்தால் தேர்ச்சி. நான் தேர்வு எழுதியது க்ளாக்கில். ஆனால் இந்தக் குட்டியை வைத்து அதே வரிசையை நானாகவே சுட்டுப் பார்த்தேன், 238 வந்தது. உடனே கைதட்டிவிடாதீர்கள். அந்தத் தேர்வுக்கு இலக்காக வைக்கும் பி-27 காகித மனிதன் ரொம்பத் தாராள மனசுக்காரன். எட்டாம் வளையத்துக்குள் எங்கே பட்டாலும் முழு ஐந்து மதிப்பெண், தோள்பட்டையில் உரசினால்கூட மூன்று. நான் இழந்த பன்னிரண்டில் பெரும்பகுதி பதினைந்து கஜத்தில் போனது.

தோட்டா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்கு 95 கிரெயின் (குண்டின் எடை அளவு) முழு உறைக் குண்டு, பாக்கெட்டுக்கு 90 கிரெயின் முனை குழிந்த குண்டு என்று இரண்டு வாங்கினேன். பதினைந்து கஜத்தில் இரண்டும் ஒரே இடத்தில் விழவில்லை, ஒன்றரை அங்குல உயர வித்தியாசம். ஏழு கஜத்தில் அந்த வித்தியாசம் கொத்துக்குள்ளேயே மறைந்துவிடுகிறது, கவலையில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய இன்னொரு பெட்டியில் சில தோட்டாக்கள் டிக் என்று மட்டும் சொல்லிவிட்டு வெடிக்காமல் நின்றன. கம்பெனி பெயர் வேண்டாம். நல்ல தோட்டாவில் ஒரு தடங்கலும் இல்லை. எதைப் பாக்கெட்டில் வைக்கப் போகிறீர்களோ அதில் ஒரு பெட்டியாவது சுட்டுப் பார்த்துவிடுங்கள், பர்ஸ் அழுதாலும். .380 என்பது 9 எம்எம் தோட்டாவைவிடச் சின்னது, விலை மட்டும் அதிகம்.

சின்ன என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான் குறி பற்றி இவ்வளவு பேச்சு. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ ஒரு அளவுகோல் வகுத்தது. சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று. குட்டைக் குழலிலிருந்து போகும் .380-க்கு இது இழுபறி. முனை விரிந்தால் பன்னிரண்டை எட்டாமல் நின்றுவிடுவது சகஜம், விரியாவிட்டால் ஆழம் போகும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பது அரிது. பலவீனமான குண்டு, விழுகிற இடத்தை நம்பித்தான் இருக்கிறது.

பாக்கெட் உறை இல்லாமல் இதைச் சுமக்கவே கூடாது. நான் வாங்கிய மாடலில் கையால் தள்ளும் சேஃப்டி கிடையாது, ட்ரிக்கருக்குள் இருக்கும் சின்ன நாக்கு மட்டும்தான். உறை ட்ரிக்கரை மூட வேண்டும், துப்பாக்கி நிமிர்ந்தே நிற்க வேண்டும், உருவும்போது உறை பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பல்குத்தும் குச்சி எதுவும் இருக்கக்கூடாது. வாரம் ஒருமுறை குழலையும் ஸ்லைடையும் கழற்றிப் பார்க்கிறேன். பேண்ட் துணியின் பஞ்சு எங்கிருந்துதான் வருமோ, சாம்பல் நிறத்தில் ஸ்ப்ரிங்கைச் சுற்றிக் கிடக்கும். வீட்டில் பையன் இருக்கிறான். கடையிலிருந்து வந்ததும் எண் பூட்டுப் பெட்டிக்குள் போய்விடும். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டு, அது பிள்ளை கைக்குப் போய்விட்டால் இந்த மாநிலத்தில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பெட்டிக்குள்தான் போகும்.

ஸ்மித் அண்ட் வெஸனின் பாடிகார்ட் 2.0, 2024-இல் வந்தது, இதற்கு நேர்ப் போட்டி. 9.8 அவுன்ஸ், குழல் 2.75 அங்குலம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். ட்ரிக்கர் இன்னும் வழுவழுப்பு, வேகமாகச் சுடும்போது என் கொத்து ருகரைவிடக் கொஞ்சம் சுருங்கியது. இன்று புதிதாக வாங்கப் போகிறவர் இரண்டையும் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். நான் மாற்றப்போவதில்லை. ருகரின் உறை, மேகசின், பழக்கம் எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. மாற்றுகிற செலவுக்கு அந்தக் காகிதத்தில் இன்னும் நிறைய ஓட்டை போடலாம்.

வீட்டுக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான் என்றால் இது வேண்டாம், க்ளாக் 19 அளவில் ஒன்றை எடுங்கள். சுட்டே பழகாதவருக்கும், பரிசாகக் கொடுக்கவும், கட்டாயம் வேண்டாம். ஏற்கெனவே சுடத் தெரிந்து, என்னைப்போல் குனிந்து நிமிர்கிற வேலை செய்கிறவர், மாதம் ஒரு பெட்டித் தோட்டாவுக்கும் ரேஞ்சு கட்டணத்துக்கும் காசு ஒதுக்க முடிந்தால் தாராளமாக வாங்கலாம். ரேஞ்சுக்குப் போனால் திரும்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், ஈயத் தூள் கையோடு வரும்.